பதினாலாவது ஊர்

உங்கள் ஊரில் மதியம் பன்னிரண்டு அடித்துவிட்டது என்று உங்களுக்கு யார் சொல்கிறார்கள்? கடிகாரமா, வயிறா, பக்கத்து மில் சங்கா?

இந்தச் சமவெளி மாநிலத்துத் தலைநகரத்துக்காரர்களுக்கு மாதத்தில் இருபத்தொன்பது நாள் வயிறுதான் சொல்லும். முதல் புதன்கிழமை மட்டும் சங்கு சொல்லும். தீயணைப்பு நிலையத்துக் கூரைமேல் மஞ்சள் நிறத்தில் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கிற சங்கு அது. சுழற்காற்று வந்தால் ஊரை எழுப்ப வேண்டியது அதன் வேலை. வராத நாளில் துருப்பிடித்துவிடாமல் இருக்க முதல் புதன் நண்பகலில் ஒரு நிமிஷம் ஊதிப் பார்ப்பார்கள். நாய்கள் கூடவே பாடும். ஜனங்கள் கைக்கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டு, பாதியில் விட்ட பேச்சைத் தொடர்வார்கள்.

1984 ஏப்ரல் மாதம் முதல் புதன் தாண்டி மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. சட்டசபைக் கட்டடத்தின் தெற்குக் கதவில் ரோசெல்லா கெஸ்லர் சேறு அப்பிய தன் ரப்பர் காலணிகளைக் கழற்றி, அன்றைய காலைப் பத்திரிகையை விரித்து அதன்மேல் வைத்தாள். பதினாறு வருஷமாகக் கதவுக்காரி. ராத்திரி பெய்த மழையில் ஊரே சேறு.

"முதல் பக்கத்துல சேறா?" என்றார் சார்ஜன்ட், படியிறங்கி வந்துகொண்டே.

"முதல் பக்கத்துல வேற என்ன இருக்கு? முழுசா மேகத்தைப் போட்டிருக்கான். மேகத்துக்கு நாம ஓட்டா போட்டோம்? சேத்துக்குத்தான் ஆகும்."

சார்ஜன்ட் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஐனார் மோன் சபைக் காவலர். மாநிலப் படையில் இருபத்திரண்டு வருஷம் சாமான் கணக்குப் பார்த்த மனுஷன். எதைக் கண்டாலும் எண்ணுவார். படிகளை எண்ணுவார், தொப்பிகளை எண்ணுவார், சூப்பில் மிதக்கிற பட்டாணியை எண்ணுவதை ரோசெல்லா கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். சபைக்குள் எது தொலைந்தாலும் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. போன வருஷம் ஒரு உறுப்பினருடைய பல்செட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அது வேறு கதை.

"ரோசெல்லா, கதவைப் பூட்டிட்டு வா. ஒண்ணு காணாமப் போயிருக்கு."

"பல்லா?"

"ஊரு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை.

நடந்தது இதுதான். படை விவகாரமும் பேரிடர் ஆயத்தமும் பார்க்கிற குழு ஒன்று சபையில் உண்டு. அது புதன் காலை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. சின்ன ஊர்களில் மாநிலப் படை வாரக்கடைசியில் கவாத்துப் பழகுகிற கூடங்கள் இருக்கின்றன. கருங்கல் சுவர், கீழே நிலவறை. காற்று வந்தால் ஊர் முழுக்க ஓடுவது அங்கேதான். அப்படிப் பதினாலு ஊர்க் கூடங்களை விற்காமல், பூட்டாமல், புகலிடமாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். குழுவில் பதினாலு பெயர் வாசித்தார்கள். சாயங்காலம் சபையில் வாக்கெடுத்து நிறைவேற்றிய தாளில் பதிமூன்றுதான் இருந்தது. ஓர்லின் என்கிற ஊர் இல்லை. ஒருத்தரும் கவனிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வானொலியில் பட்டியலைக் கேட்ட ஓர்லின் தீயணைப்புக்காரர் ஒருவர் சபைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எங்க ஊரு எங்கேய்யா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

"இருக்கிற ஊரைத் திரும்ப எழுதிச் சேர்த்துட்டா ஆச்சு" என்றாள் ரோசெல்லா.

"ஆகாது. சபை கையைத் தூக்கினது பதிமூணுக்கு. எழுத்தர் விட்டுட்டாங்கன்னா, அது அலுவலகத் தப்பு. நிறைவேறினது நிறைவேறினதுதான். நாளைக் காலையில பத்து மணிக்கு ஆளுநர் கையெழுத்துப் போட்டுருவார். யாரோ வேணும்னு தாளை மாத்தினாங்கன்னா, அது மோசடி. சபாநாயகர் மசோதாவைத் திரும்பக் கூப்பிடலாம். ஒன்பது மணிக்கு முடிவு சொல்லணும்னு இருக்கார்."

"ஒன்பதுக்கு என்ன முடிவு?"

"எழுத்தர் ஆர்டித் லண்டை வேலையை விட்டு அனுப்பறதா வேண்டாமான்னு."

ரோசெல்லா ஒரு கேலியும் இல்லாமல் கதவைப் பூட்டினாள். அது அபூர்வம்.

* * *

குழு அறை, பி-ஒன்பது, கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் கஜானா அறை. இரண்டடிச் சுவர், சன்னல் கிடையாது. பேரிடர் பற்றிச் சட்டம் போடுகிற குழு, உலகமே இடிந்தாலும் காதில் விழாத அறையில் உட்கார்ந்திருக்கிறது என்று ரோசெல்லா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஆர்டித் தட்டச்சுப் பொறிக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஊசியாக இருந்த பென்சில்கள். ஐம்பது வயது, ஒல்லி. இருபத்தோரு வருஷமாக இந்தக் குழுவின் எழுத்தர். கண்ணில் தண்ணீர் இல்லை. பென்சில் மட்டும் குட்டையாகிக்கொண்டே வந்தது.

"நான் வரி விடறவ இல்ல, சார்ஜன்ட்" என்றாள். அவ்வளவுதான்.

எதிரே குழுத் தலைவர் மில்ஃபர்ட் க்ரோன் நாற்காலி முழுக்க நிறைந்து உட்கார்ந்திருந்தார். மாட்டுப் பண்ணைக்காரர். குரலும் மாட்டை ஓட்டுகிற குரல்தான்.

"யாரும் உன்னைக் கெட்டவன்னு சொல்லலம்மா. நேத்து பதினோரு மணிக்கு நான்தான் காபியைக் கொட்டினேன். மசோதா நனைஞ்சுது. கறையான பக்கத்தை நீ அழகா திரும்ப அடிச்சிருக்கே. அடிக்கறப்ப ஒரு வரி போயிருச்சு. மனுஷங்கதானே."

"நான் திரும்ப அடிக்கல."

"அப்ப தாளு தானா அடிச்சுக்கிச்சா?"

சார்ஜன்ட் மசோதாவைக் கையில் எடுத்தார். நீல அட்டைக்குள் ஒன்பது தாள். ஒன்றொன்றாகப் புரட்டினார். காபிக்கறை முதல் பக்கத்தில் பெரிய தட்டு மாதிரி, இரண்டில் சின்னத் தட்டு, மூன்றில் கிண்ணம். ஐந்தில் காசு அளவு, ஆறில் பொட்டு. நாலாம் பக்கம் பளிச்சென்று வெள்ளை. ஓர்லின் இருந்திருக்க வேண்டிய பக்கம் நாலு.

"காபி மூணுல இருந்து அஞ்சுக்கு நீளம் தாண்டியிருக்கு" என்றாள் ரோசெல்லா. "ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம்."

"நாலாம் பக்கத்தைவிட மூணாம் பக்கம் அதிகம் நனைஞ்சிருக்கும்" என்றார் சார்ஜன்ட். "கறைக்காகத் திரும்ப அடிக்கிறவங்க ஒண்ணு, ரெண்டு, மூணை விட்டுட்டு நாலை மட்டும் ஏன் அடிக்கணும்?"

க்ரோன் தாடையைச் சொறிந்தார். "அது… அவங்களைத்தான் கேக்கணும்."

"மதியம் பூட்டினது எத்தனை மணிக்கு, ஆர்டித்?"

"பதினொண்ணே முக்கால். ஒண்ணேகாலுக்குத் திரும்பத் திறந்தேன். ஒண்ணரைக்கு மசோதாவை மேலே கொடுத்துட்டேன். நடுவுல யாராவது வந்திருந்தா சாவி இருக்கிற ஆளுதான்."

"சாவி எத்தனை?"

"மூணு. எங்கிட்ட ஒண்ணு. தலைவர்கிட்ட ஒண்ணு. துணைத் தலைவர் எங்கன்கிட்ட ஒண்ணு."

"நடுவுல நீ எங்கே இருந்தே?"

"மேற்குப் படிக்கட்டுல. டப்பாவுல உருளைக்கிழங்கு சாலட் கொண்டு வந்திருந்தேன். அங்கேயே உக்காந்து சாப்பிட்டேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

ஆர்டித் கொஞ்சம் யோசித்தாள். "நாப்பது பேர் இருந்தாங்க. யாரும் என்னைப் பார்க்கல. எல்லாரும் மேலே பார்த்துட்டு இருந்தாங்க."

க்ரோன் பெருமூச்சு விட்டார். "இதை நான் சபாநாயகர்கிட்ட சொன்னா அவர் என்னை மேலேயும் கீழேயும் பார்ப்பார்."

* * *

வெளியே தாழ்வாரத்தில் ரோசெல்லா சார்ஜன்டின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"க்ரோன்தான். காபியைக் கொட்டினதே அவர். கொட்டிட்டு, கறைன்னு ஒரு கதை தயார் பண்ணி வெச்சுக்கிட்டாரு. பார்த்தீங்களா, எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசறாரு? க்ரோன் இனிக்கப் பேசி நான் இந்தப் பதினாறு வருஷத்துல பார்த்ததே இல்ல."

"மதியம் க்ரோன் எங்கே இருந்தார்?"

அவள் பிடித்திருந்த சட்டைக் கையை விட்டாள். "கேண்டீன்ல. எனக்கு முன்னாடி வரிசையில. ஆப்பிள் பை பலகாரத்துல கடைசித் துண்டை எடுத்துட்டார்." அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. "பன்னிரண்டுல இருந்து ஒண்ணு வரைக்கும் நகரவே இல்ல. ரெண்டாவது தடவை காபி வேற வாங்கினார்."

"சாவியை யாருக்காவது கொடுத்திருந்தா?"

"அதோ, கொடுக்கறதுக்கு ஒரு ஆள் வர்றார் பாருங்க."

தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து டெஸ்மண்ட் வாஸ் வந்துகொண்டிருந்தார். பளபளக்கும் காலணி, மெதுவான நடை. தானியக் கம்பெனி ஒன்றுக்காகச் சபையில் பரிந்து பேசுவது அவர் தொழில். ஓர்லின் படைக்கூடம் இருக்கும் இடத்தில் ரயில் பாதையை ஒட்டித் தானியக் கிடங்கு கட்ட வேண்டும் என்று அந்தக் கம்பெனி இரண்டு வருஷமாக அலைந்தது ஊருக்கே தெரியும்.

"வணக்கம், சார்ஜன்ட். ஏதோ தொலைஞ்சுபோச்சாமே?"

"கண்டெடுத்தீங்களா?"

"நான் எதையும் எடுக்கறதில்லை. வாங்கிக் கொடுக்கறதுதான் என் வேலை." சிரித்தார். "நேத்து மதியம் அரைக் குழுவுக்கு நான்தான் ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்தேன். ரோசெல்லாவுக்கு மட்டும் கிடைக்காமப் போச்சு. மன்னிக்கணும்."

அவர் போனதும் ரோசெல்லா, "கையைக் கழுவிட்டு வர்ற மாதிரியே நடக்கறான்" என்றாள். "ஆனா அவனும் கேண்டீன்லதான் இருந்தான். பாழாப்போன ஆப்பிள் பை. நான் சந்தேகப்படறவன் எல்லாம் என் கண் முன்னாடியே உக்காந்து தின்னிருக்கான்."

"மிச்சம் ஒரு சாவி."

"எங்கனா?" அவள் நின்றுவிட்டாள். "ஓர்லின் அவர் ஊரு, சார்ஜன்ட். அவர் தொகுதி. மத்தியானத்துல இருந்து ஒவ்வொரு அறையா போய்க் கத்திக்கிட்டு இருக்கார். தன் வீட்டுக்கே எவனாவது தீ வெப்பானா?"

சார்ஜன்ட் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். ஆனால் படியேறும்போது எண்ணவில்லை. அதை ரோசெல்லா கவனித்தாள்.

* * *

கார்லிஸ் எங்கன் தன் அறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது, நெட்டை. மாநிலப் படையில் காப்டனாக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஜூன் மாதம் ஓர்லின் மேல் காற்று இறங்கியபோது படைக்கூடத்துக் கதவைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்தான். சார்ஜன்டும் அன்று படையோடு அதே நிலவறையில் இருந்தார். அந்தத் தோள் இப்போதும் ஒரு பக்கம் சாய்வு.

"வா ஐனார், வா. உக்காரு. ரோசெல்லா, நீயும் உக்காரும்மா. என் ஜனங்களுக்கு நான் என்ன சொல்றது? நான் துணைத் தலைவனா இருந்தும் என் ஊரை என் மூக்குக்குக் கீழேயே அழிச்சுட்டாங்கன்னு சொல்லவா?"

"யாரு அழிச்சதுன்னு நினைக்கறே, கார்லிஸ்?"

"யாரும் வேணும்னு பண்ணல. ஆர்டித் பாவம். வயசாகுது, கண்ணு மங்குது. அவளைத் திட்டாதேன்னு நானே சபாநாயகர்கிட்ட சொல்லப்போறேன். பென்ஷனோட அனுப்புங்கன்னு சொல்லப்போறேன்."

"நல்ல மனசு" என்றார் சார்ஜன்ட். கக்கத்திலிருந்து தடித்த பச்சைப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். "சாவி வெச்சிருக்கிற எல்லார்கிட்டயும் நேத்து மதியம் எங்கே இருந்தாங்கன்னு ரெண்டு வரி எழுதி வாங்கறேன். முறைக்குத்தான். க்ரோன்கிட்டயும் வாங்கணும்."

"தாராளமா." எங்கன் பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டே சொன்னார். "மேற்கு வாசல்ல என் வண்டியில உக்காந்திருந்தேன். வீட்டுக்காரி முட்டை சாண்ட்விச் கட்டிக் கொடுத்திருந்தா. அப்பா, என்ன மேகம்! பச்சையா, அடிபட்ட இடம் கன்னிப்போன மாதிரி. அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டேன். பாதி சாண்ட்விச்சுல பன்னிரண்டு மணிச் சங்கு ஊதிச்சு. கடிகாரத்தைச் சரிபண்ணிக்கிட்டேன். ஒரு மணி வரைக்கும் அங்கேயேதான்."

கையெழுத்துப் போட்டார். அழகான, சாய்ந்த கையெழுத்து.

சார்ஜன்ட் மையை ஒற்றி எடுத்தார். புத்தகத்தை மூடினார். எழுந்து எங்கனின் சாய்ந்த தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தார். ரோசெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல மனுஷன். ஆர்டித்துக்காகப் பேசறேன்னு வேற சொல்றார்."

"ஆமா" என்றார் சார்ஜன்ட். "அவ தப்பே பண்ணலன்னு மட்டும் சொல்லல."

* * *

தெற்குக் கதவுப் பக்கத்தில் ரோசெல்லாவுக்கு ஒரு சின்ன அறை உண்டு. ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு காபிக் கெட்டில். சார்ஜன்ட் அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மசோதாவின் நகலை அவளிடம் நீட்டினார்.

"ஆறாம் பக்கம். பதினோராம் பிரிவு. சத்தமா வாசி."

"பட்டியல் நாலாம் பக்கத்துல இல்ல இருக்கு?"

"நாலாம் பக்கத்தை எல்லாரும் வாசிச்சாச்சு. ஆறை யாரும் வாசிக்கல."

அவள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். "'வானிலை எச்சரிக்கை நிலுவையில் உள்ள எந்நாளிலும் மாதாந்திரச் சோதனைச் சங்கு ஒலிக்கப்படலாகாது, இதுகாறும் வழக்கத்தில் உள்ள இந்நடைமுறை இதன்மூலம் சட்டமாக்கப்படுகிறது.' இதை எழுதினவனுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சா? என்ன சொல்ல வர்றான்?"

"மேகம் கறுத்தா சோதனைச் சங்கு ஊத மாட்டாங்க. நிஜமா ஊதறதுன்னு நினைச்சு ஜனங்க ஓடிருவாங்க. இல்லேன்னா நிஜமா ஊதறப்ப சோதனைதானேன்னு உக்காந்திருவாங்க. தீயணைப்பு நிலையத்துக்குப் போடு."

அவள் எண்ணைச் சுழற்றினாள். எடுத்தது வெண்டல். முதல் புதன்களில் பொத்தானை அமுக்குகிற பையன் என்று ஊரில் சொல்வார்கள், பையனுக்கு நாற்பத்தேழு வயது.

"வெண்டல், நேத்து பன்னிரண்டுக்குச் சங்கு ஊதினியா?"

"இல்லையே ரோசெல்லா. பதினொண்ணு அம்பதுக்கு மேற்கே எச்சரிக்கை வந்துருச்சு. விரலைச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு நின்னேன். ஏன், யாராவது கேட்டாங்களா?"

"ஒருத்தர் கேட்டிருக்கார்" என்று வைத்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "சார்ஜன்ட்! மாட்டிக்கிட்டார்!" மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "ஐயையோ. இல்ல. நானும் கேட்டேனே."

"என்னது?"

"நேத்து பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதிச்சுன்னு நானும் சத்தியம் பண்ணியிருப்பேன். வரிசையில நின்னேன், கடிகாரத்தைக்கூடத் திருகினேன். முதல் புதன்னா ஊதும். ஊதியிருக்கும்னு மனசே ஊதிக்கிச்சு. கேண்டீன்ல பாத்திரச் சத்தத்துல யார் கேட்டா? ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் சொல்வாங்க. சபாநாயகர் சிரிச்சு விட்டுருவார்."

சார்ஜன்ட் தலையாட்டினார். இதற்குத்தான் காத்திருந்தவர் போல இருந்தது.

"நீ மேகத்தைப் பார்த்தியா?"

"எங்கே? கேண்டீன்ல சன்னலே உசரத்துல இருக்கு. காலையில பேப்பர்லதான் பார்த்தேன்."

"அதான். உனக்குச் சங்கு உண்டு, மேகம் இல்ல. படிக்கட்டுல நின்னவங்களைக் கேளு. மேகம் உண்டு, சங்கு இல்லன்னு சொல்வாங்க. கார்லிஸ் ஒருத்தனுக்குத்தான் ரெண்டும். அந்த மேகத்துக்குக் கீழே உக்காந்திருக்கறவன் காதுல சங்கு விழுந்தா அவன் கடிகாரத்தைத் திருக மாட்டான், ரோசெல்லா. சாண்ட்விச்சைப் போட்டுட்டு நிலவறைக்கு ஓடுவான். அதுவும் ஓர்லின்காரன்."

அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. "அப்ப மேகம்…"

"பேப்பர்ல இருந்து எடுத்தது. சங்கு, வழக்கத்துல இருந்து எடுத்தது. ரெண்டு துணியை ஒட்டுப்போட்டுச் சட்டை தைச்சிருக்கான். ஒண்ணும் தெரியாத இடத்துல உக்காந்திருந்தவன்தான் ரெண்டையும் வெளியில இருந்து கடன் வாங்கணும். சன்னல் இல்லாத இடம். சங்கு கேக்காத இடம்."

"பி-ஒன்பது" என்றாள் ரோசெல்லா.

வெளியே யாரோ நடந்து போனார்கள். அந்தக் காலடிச் சத்தம் அடங்கும்வரை இருவரும் மசோதாவை வாசிப்பது போலக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்கு எல்லாக் காலடிச் சத்தமும் நின்று கேட்பது போலவே இருந்தது.

"ஆனா இது பேச்சுதானே" என்றாள் அவள் கடைசியில். "உளறிட்டேன்னு சொல்லிட்டா? வெண்டல் விரலும் உங்க தர்க்கமும் போதுமா, ஆர்டித்தைக் காப்பாத்த?"

சார்ஜன்ட் கதவுப் பக்கம் திரும்பினார். அவர் பார்வை கதவோரம் இருந்த அவளுடைய ரப்பர் காலணிகள்மேல் நின்றது. மெல்ல எழுந்து போய்க் குனிந்தார். காலணிகளைத் தூக்கி ஓரமாக வைத்தார். சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"மேகத்துக்கு ஓட்டா போட்டோம்னு கேட்டியே. ஒரு ஓட்டு போடலாம்போல இருக்கு. வா, பாரு."

பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்தப் பெரிய படம். 'நேற்று நண்பகல், சட்டசபை மேற்கு வாசல்' என்று கீழே ஒரு வரி. பாதிப் படத்துக்கு மேல் மேகம். கீழே படிக்கட்டு முழுக்க ஜனம், அத்தனை பேரும் அண்ணாந்துகொண்டு. இந்தச் சமவெளிக்காரர்களின் புத்தி அது. காற்று வருகிறது, உள்ளே போ என்று சட்டம் போடுவார்கள். வானம் பச்சையானால் அத்தனை பேரும் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

"எண்ணுங்க, சார்ஜன்ட். கை துறுதுறுங்குதுல்ல?"

"முப்பத்தெட்டு" என்றார் அவர், ஏற்கெனவே எண்ணியிருந்தார். "கடைசிப் படியில, தூணை ஒட்டி. முதுகு தெரியுது."

ஒல்லி முதுகு. தலையில் மழைக்குக் கட்டுகிற கண்ணாடித்தாள் முக்காடு. மடியில் ஐஸ்கிரீம் வாங்கின பெரிய டப்பா.

"ஆர்டித்தோட டப்பா!" ரோசெல்லா கத்தியேவிட்டாள். "இருபத்தோரு வருஷமா அதுலதான் சோறு. இந்தக் கட்டடத்துல அவ முதுகைவிட அந்த டப்பாதான் பிரபலம்."

"இப்ப வாசலைப் பாரு. வண்டிங்க வரிசை. மூணாவது."

மூன்றாவது வண்டி எங்கனுடைய பழைய பிக்கப். உடம்பெல்லாம் கருப்பு, ஓட்டுநர் பக்கத்துக் கதவு மட்டும் வெள்ளை. ஓர்லின் காற்றில் பறந்துபோன கதவுக்குப் பதிலாக வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டினது. மாநிலத்திலேயே அப்படி ஒரே வண்டிதான். அதன் பின்கண்ணாடி வழியாக முன்கண்ணாடி தெரிந்தது, அதன் வழியாக மேகம் தெரிந்தது.

நடுவில் தலை எதுவும் இல்லை.

* * *

ஐந்து மணிக்கு எங்கனைப் பி-ஒன்பதுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் பச்சைப் புத்தகம் திறந்திருந்தது. பக்கத்தில் சேறு காய்ந்த பத்திரிகை. ரோசெல்லா கதவோரம் நின்றாள். கதவுக்காரிக்கு நிற்க வேறு இடம் தெரியாது.

எங்கன் தன் எழுத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் வெள்ளைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆர்டித்தின் தட்டச்சு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சங்கு ஊதலையா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பன்னிரண்டு ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். இங்கே உக்காந்து அடிச்சுட்டு இருக்கும்போது, இந்நேரம் ஊதியிருக்கும்னு நினைச்சேன். நினைச்சது ஞாபகமா மாறிப்போச்சு." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானே கையெழுத்துப் போட்ட பிரிவு, ஐனார், அது. பதினொண்ணு."

"நீ நாலாம் பக்கத்தை மட்டும் வாசிச்சே."

"கம்பெனிக்காரன் எனக்கு ஒண்ணும் தரல. நம்புவியோ இல்லையோ. கிடங்கு வந்தா முப்பது பேருக்கு வேலைன்னான். பள்ளிக்கூடத்தை மூடப்போறாங்க, தெரியுமா உனக்கு? கூடத்தை விக்கலாம்னு நான் எழுந்து சொன்னா, என் ஊர்லயே என்னைக் கல்லால அடிப்பாங்க. தானா விட்டுப்போச்சுன்னா… யார் மேலயும் பழி வராதுன்னு…"

"கார்லிஸ்." சார்ஜன்டின் குரல் உயரவில்லை. "அன்னைக்கு அந்த நிலவறைக்குள்ள இருநூத்திப் பன்னிரண்டு தலை. எண்ணினது நான். கதவைப் பிடிச்சது நீ."

"அதுல எழுபது பேர் இப்ப ஊர்லயே இல்ல!" எங்கன் கத்தினார். இரண்டடிச் சுவர் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கியது. "காத்துக்குத் தப்பிச்சவங்க வேலை இல்லாமப் போயிட்டாங்க. அவங்களையும் எண்ணினியா நீ?"

சார்ஜன்ட் பச்சைப் புத்தகத்தை மூடினார். "எண்ணல" என்றார் கடைசியில். "மிச்சம் நூத்தி நாப்பத்திரண்டு. அடுத்த காத்துக்கு அவங்க எங்கே ஓடுவாங்க?"

எங்கன் பத்திரிகையைத் தள்ளி வைத்தார்.

"அப்புறம், யார் மேலயும் பழி வராதுன்னு சொன்னே" என்றார் சார்ஜன்ட்.

"ஒரு எழுத்தர் தப்பு. அது யாருக்கும் வலிக்காதுன்னு நினைச்சேன்."

"வலிச்சுது" என்றாள் ரோசெல்லா கதவோரத்திலிருந்து. அதற்குமேல் அவளுக்கு எந்தக் கேலியும் வரவில்லை.

எங்கன் எழுந்தார். சாய்ந்த தோளில் கோட்டைச் சரிசெய்துகொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தட்டச்சுப் பொறிமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சபாநாயகர் மசோதாவைத் திரும்ப அழைத்தார். பட்டியலில் பதினாலு பெயர் வாசித்தார்கள். ஒன்பதரைக்குத் துணைத் தலைவரின் ராஜினாமாக் கடிதம் கையெழுத்தில் பி-ஒன்பதுக்கு வந்தது. குழுவின் கடிதங்களைத் தட்டச்சு செய்வது எழுத்தரின் வேலை. ஆர்டித் லண்ட் பொறியில் தாளைச் செருகி அதை அடித்தாள். எட்டு வரி இருந்தது. ஒரு வரியும் விடவில்லை.